வட்டத்துக்கு வெளிய நின்ன ஹோதர்

தோர், லோகி, ஓடின், வட ஐரோப்பாவோட பழைய தெய்வங்கள், இந்தப் பேரெல்லாம் இப்போ சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும், படம் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டாங்க. அதே குடும்பத்துல ஹோதர்னு ஒருத்தன் இருக்கான், ஓடினோட மகன், பார்வை கிடையாது, நல்ல பலசாலி. இவனைப் பத்தி யாரும் பெருசா பேசி நான் பார்த்ததில்ல. (இங்கிலீஷ்ல ஹோட்னு எழுதுவாங்க, அந்தக் கதைகளோட மொழியான பழைய நார்ஸ் உச்சரிப்புக்கு ஹோதர்தான் கிட்ட வருது, அதனால அப்படியே எழுதுறேன்.) இவனைப் பேசாம விட்டது இன்னைக்கு நேத்து நடந்த விஷயமும் இல்ல. சுமார் 1220ல ஐஸ்லாந்துல இந்தக் கதைகளையெல்லாம் உரைநடையில எழுதி வெச்ச ஸ்னோரி ஸ்டுர்லுசன், ஹோதரை அறிமுகப்படுத்துற இடத்துலயே சொல்லிடுறார்: ஹோதர்னு ஒருத்தன் உண்டு, குருடன், பலத்துக்குக் குறைவில்ல, ஆனா இவன் பேரைச் சொல்ல வேண்டிய தேவையே வராம இருந்தா நல்லதுன்னுதான் தேவர்கள் நினைப்பாங்க, ஏன்னா இவன் கை செஞ்ச காரியம் தேவர்களுக்கும் மனுஷங்களுக்கும் ரொம்ப காலம் மறக்காது. அவ்வளவுதான் அறிமுகம். மத்த தெய்வங்களுக்கு வீடு, குதிரை, ஆயுதம், பெருமைன்னு சொல்லிட்டுப் போறவர் இவனுக்கு ரெண்டு மூணு வரியில முடிச்சுடுறார். அதுல "கை"ங்கிற வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

கதை என்னன்னா, பால்டர்னு ஓடினுக்கும் ஃப்ரிக்குக்கும் பிறந்த பிள்ளை, அழகன், நல்லவன், எல்லாருக்கும் உயிர். அவனுக்கு உயிருக்கு ஆபத்துன்னு கெட்ட கனவா வருது. அம்மா ஃப்ரிக் சும்மா இருப்பாளா, உலகத்துல இருக்கிற எல்லாத்துக்கிட்டயும் போய் என் பிள்ளையை ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சத்தியம் வாங்குறா. நெருப்பு, தண்ணி, இரும்பு, கல்லு, மண்ணு, மரம், வியாதி, மிருகம், பறவை, விஷம், பாம்பு, எதையும் விடல. அதுக்கப்புறம் தேவர்களுக்கு இது ஒரு விளையாட்டா ஆயிடுது. சபை கூடுற இடத்துல பால்டரை நடுவுல நிக்க வெச்சு சுத்தி வட்டமா நின்னு ஒருத்தர் அம்பு விடுறார், ஒருத்தர் வெட்டுறார், ஒருத்தர் கல்லெறியுறார், எதுவும் அவனைத் தொடல, எல்லாருக்கும் சந்தோஷம், இது அவனுக்குச் செய்யுற மரியாதைன்னே நினைக்கிறாங்க.

லோகிக்கு இது பிடிக்கல. பொம்பளை வேஷத்துல ஃப்ரிக் வீட்டுக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்து, எல்லாமே சத்தியம் பண்ணிடுச்சான்னு கேட்கிறான். ஓடினோட மண்டபமான வல்ஹல்லாவுக்கு மேற்கால ஒரு சின்னப் புல்லுருவித் தளிர் வளருது, அது ரொம்பச் சின்னதா இருந்துச்சு, அதுகிட்ட மட்டும் சத்தியம் கேட்கலன்னு ஃப்ரிக் சொல்லிடுறா. லோகி போய் அதைப் பிடுங்கிட்டு சபைக்கு வர்றான்.

இங்கதான் நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன். ஹோதர் வட்டத்துக்கு வெளிய நிக்கிறான், ஏன்னா அவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு ஸ்னோரி எழுதுறார். லோகி பக்கத்துல வந்து "நீ ஏன் பால்டர் மேல எதுவும் எறியல?"ன்னு கேட்கிறான். "பால்டர் எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியல, அதுவும் இல்லாம என் கையில ஆயுதமும் இல்ல." "மத்தவங்க பண்ற மாதிரி நீயும் பண்ணு, பால்டருக்கு மரியாதை செய். அவன் நிக்கிற பக்கத்தை நான் காட்டுறேன், இந்தக் குச்சியை விடு." ஹோதர் வாங்குறான், லோகி காட்டுன பக்கம் விடுறான், அது பால்டரை ஊடுருவிப் போகுது, பால்டர் செத்து விழறான்.

இதுல ஹோதர் பேசுறதே அந்த ஒரு வாக்கியம்தான். எனக்குத் தெரியல, என் கையில ஒண்ணும் இல்ல. இவ்வளவு பெரிய கூட்டத்துல வாப்பா நீயும் ஒண்ணு எறி, நான் கையைப் பிடிச்சுக்கிறேன்னு கேட்க ஒருத்தருக்கும் தோணல, முதல்ல கேட்டவன் லோகி. லோகி வெச்ச பொறியோட இரையே அந்த அக்கறைதான். விரோதத்தைச் சொல்லி ஹோதரைத் தூண்டல, பொறாமையைக் கிளப்பல, உன்னையும் சேர்த்துக்கிறேன்னு கூப்பிட்டான். பார்வையில்லாதவங்க கூட வாழ்ந்தவங்களுக்கு இது எங்க குத்தும்னு தெரியும்.

பால்டர் விழுந்ததும் என்ன ஆச்சுன்னு ஸ்னோரி எழுதுறது இன்னும் கொடுமை. தேவர்களுக்குப் பேச்சே வரல, அவனைத் தூக்கக் கை எழும்பல, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, பேச வாயெடுத்தா அழுகைதான் முதல்ல வந்துச்சுன்னு சொல்றார். அந்த நேரத்துல ஹோதர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பார்க்கிறவங்களுக்கு எல்லாம் தெரியுது, பார்வையாலயே பேசிக்கிறாங்க, யாரும் வாயைத் திறக்கல. இவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்த விளையாட்டுச் சத்தம் திடீர்னு நின்னுபோச்சு. ஸ்னோரி இதை விளக்கல, அந்த இடத்துல இருந்து ஹோதரைப் பத்திப் பேச்சே இல்ல. பழி வாங்கணும்னு எல்லாரும் ஒரே மனசா இருந்தாங்க, ஆனா அது சபை கூடுற புனித இடம், அங்க ரத்தம் சிந்தக் கூடாதுன்னு விட்டுட்டாங்கன்னு ஒரு வரி, அப்புறம் ஈமச்சடங்கு, பால்டரோட மனைவி நன்னா துக்கத்துல உயிர் விடுறது, ஹெர்மோத்ங்கிறவன் பால்டரைத் திருப்பிக் கேட்க ஒன்பது ராத்திரி குதிரை ஓட்டிப் பாதாளத்துக்குப் போறதுன்னு கதை வேற பக்கம் போயிடுது.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஹோதர் கண்ணு தெரியாதவன்னு நமக்குச் சொல்றது ஸ்னோரி மட்டும்தான். ஸ்னோரிக்கு முன்னாடி இருந்த பாட்டுகள்ல இதே கொலை வருது, அதுல எங்கயும் குருடுங்கிற பேச்சே இல்ல. வோலுஸ்பான்னு ஒரு பாட்டு, ஒரு குறிசொல்ற பொம்பளை உலகம் தொடங்கினதுல இருந்து அழியுற வரைக்கும் ஓடினுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். அதுல பால்டரோட விதி மறைஞ்சு கிடந்ததைப் பார்த்தேன், வயலுக்கு மேல உயரமா மெல்லிசா அழகா அந்தச் செடி வளர்ந்து நின்னுச்சு, பார்க்க மெல்லிசா இருந்த அதுதான் கேடு செய்யுற அம்பாச்சு, ஹோதர் எய்தான்னு வருது. அவ்வளவுதான், கண்ணைப் பத்தி ஒண்ணும் இல்ல, பக்கத்துல நின்னு திசை காட்டுன லோகியும் இல்ல. பால்டரின் கனவுகள்னு இன்னொரு பாட்டுல ஓடினே பாதாளத்துக்குப் போய்ச் செத்த குறிக்காரியை எழுப்பி, என் பிள்ளையைக் கொல்லப் போறது யாருன்னு கேட்கிறான். ஹோதர்னு பதில் வருது. பழி வாங்கப் போறது யாருன்னா வாலி, ரிந்துங்கிறவ பெத்துக் கொடுக்கப் போற பிள்ளை. (ராமாயண வாலிக்கும் இவனுக்கும் சம்பந்தம் இல்ல, பேரு மட்டும் தமிழ்ல எழுதினா ஒண்ணா வருது.) இந்த வாலி பிறந்து ஒரே ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கும், கையைக் கழுவ மாட்டான், தலையைச் சீவ மாட்டான், பால்டரோட எதிரியைச் சிதையில ஏத்துற வரைக்கும். ரெண்டு பாட்டுலயும் கிட்டத்தட்ட இதே வரி வருது.

அதாவது பழைய பாட்டுகள்ல ஹோதர்தான் கொலைகாரன், ஹோதர்தான் சாகுறான். வோலுஸ்பால இதுக்கு அடுத்தே லோகியைக் கட்டிப் போட்டிருக்கிற காட்சி வருது, அதனால இவனுக்கும் இதுல பங்கு உண்டுன்னு கேட்டவங்க புரிஞ்சுக்கிட்டிருக்கலாம், ஆனா பாட்டு வாயைத் திறந்து சொல்லல. லோகசென்னாங்கிற பாட்டுலதான் லோகியே ஃப்ரிக் முகத்துக்கு நேரா, இனிமே பால்டர் குதிரையில வீடு வர்றதை நீ பார்க்க முடியாதபடி பண்ணது நான்தான்னு சொல்றான்.

ஸ்னோரி கிட்ட வந்தா எல்லாம் தலைகீழ். லோகி பிடிபட்டு, பெத்த பிள்ளையோட குடலாலயே பாறையில கட்டப்பட்டு, மேல பாம்பு விஷம் சொட்டச் சொட்டக் கிடக்கிறதை விலாவாரியா எழுதுறார். ஆனா ஹோதர் செத்த காட்சியைக் கதையில எழுதவே இல்ல! வாலி ஹோதரைக் கொன்னவன்ங்கிறது அவருக்கு நல்லாத் தெரியும், கவிஞர்களுக்காக அவர் எழுதின பகுதியில ஹோதரை என்னென்ன பட்டப் பேரால சொல்லலாம்னு வரிசை கொடுக்கிறார், குருட்டுத் தெய்வம், பால்டரைக் கொன்னவன், புல்லுருவி எய்தவன், ஓடின் மகன், பாதாளத்துத் துணைவன், வாலியோட எதிரின்னு. தெரிஞ்சும் கதையில அந்தக் கொலையைத் தவிர்த்துட்டார். கண்ணைப் பிடுங்கினவரு உயிர் போற காட்சியை நமக்குக் காட்டாம விட்டுட்டாருன்னு எனக்குத் தோணும். பார்வையில்லாதவன்னு ஆனதுக்கப்புறம் அவனைக் கொல்றதை நியாயம்னு எழுத அவரால முடியல போல, இது என் ஊகம்தான், ஆனா ஊகத்துக்குக் காரணம் இருக்கு.

ஸ்னோரி வெறும் எழுத்தாளர் இல்ல. ஐஸ்லாந்தோட அல்திங் சபையில சட்டம் சொல்பவர்னு ஒரு பதவி உண்டு, சபை முன்னாடி நின்னு நாட்டுச் சட்டத்தைச் சொல்றவர், அந்தப் பதவியில ரெண்டு தடவை இருந்தவர், 1215ல முதல் தடவை. அந்த நாட்டுல ராஜா கிடையாது, போலீஸ் கிடையாது, ஒருத்தன் கொல்லப்பட்டா அவன் சொந்தக்காரங்கதான் வழக்குப் போடணும், நஷ்ட ஈடு வாங்கணும், இல்லன்னா பழி வாங்கணும். அவங்க சட்டத்துல கொன்னவன்னா ரெண்டு வகை உண்டு. கையால கொன்னவன் ஹண்ட்பனி, யோசனை சொல்லிக் கொல்ல வெச்சவன் ராத்பனி. ஸ்னோரி லோகியை ராத்பனின்னே, அந்தச் சட்ட வார்த்தையைப் போட்டே சொல்றார். அப்போ ஹோதர் யாரு, கை மட்டும்தான். அதுதான் முதல்லயே அறிமுகத்துல "இவன் கை செஞ்ச காரியம்"னு எழுதினாரு.

சரி, தெரியாம நடந்ததுன்னு விட்டுட முடியாதான்னா, அங்கயும் சட்டம் குறுக்க நிக்குது. கிராகாஸ்னு சொல்ற பழைய ஐஸ்லாந்து சட்டத் தொகுப்புல, தெரியாம நடந்த காரியம்னு ஒண்ணு கிடையாதுன்னே ஒரு விதி இருக்கு. கை தவறிடுச்சு, குறி தப்பிடுச்சு, பார்க்கலன்னு யாரு சொன்னாலும் எடுபடாது, உயிர் போனா போனதுதான், பதில் சொல்லியே ஆகணும். எல்லாரும் தெரியாம செஞ்சேன்னு சொல்லித் தப்பிச்சுடக் கூடாதுன்னு அந்த விதிக்குக் காரணம் புரியுது. ஆனா அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும்னு பார்க்க ஒருத்தனை நிறுத்தணும்னா ஹோதரை விடப் பொருத்தமானவன் கிடைக்க மாட்டான், பார்க்க முடியாது, ஆயுதம் அவனோடது இல்ல, திசை அவனோடது இல்ல, நோக்கமும் அவனோடது இல்ல, கை மட்டும் அவனோடது.

இன்னொண்ணும் இருக்கு, செத்தவனும் கொன்னவனும் ஒரே அப்பன் பிள்ளைங்க. பழி வாங்கணும்னா ஓடின் தன் ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைக் கொல்லணும், அதுக்காகவே மூணாவதா ஒரு பிள்ளையைப் பெத்துக்கிறான். கையைக் கழுவாத அந்த ஒரு நாள் குழந்தையை நினைச்சாலே எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகும். இங்கிலாந்துல எழுதப்பட்ட பேவுல்ஃப் காவியத்துல இதோட இன்னொரு முகம் இருக்கு, அதோட ஒரே கைப்பிரதி சுமார் 1000ஆம் வருஷத்துது. கீட் மக்களோட ராஜா ஹ்ரெதெல், அவருக்கு ஹெரபீல்ட், ஹேத்கின்னு பிள்ளைங்க. ஹேத்கின் விட்ட அம்பு குறி தப்பி ஹெரபீல்டைக் கொன்னுடுது. பேரைப் பாருங்க, ஒருத்தன் பேருல பால்டர், ஒருத்தன் பேருல ஹோதர், வேர் அதேதான். இங்க யாரும் குருடு இல்ல, லோகியும் இல்ல, வெறும் குறி தப்பின அம்பு. அந்த அப்பாவுக்கு ஈடு வாங்கவும் முடியல, பழி வாங்கவும் முடியல, துக்கத்துலயே செத்துப் போறார். ஓடினுக்கு ஒரு வாலி கிடைச்சான், மனுஷன் ஹ்ரெதெலுக்கு அதுவும் இல்ல.

ஹோதர்ங்கிற பேருக்கே அர்த்தம் சண்டை, போர். குருடுங்கிற அர்த்தம் அதுல துளிகூட இல்ல. இதே ஆளை டென்மார்க்ல சாக்ஸோ கிராமட்டிகஸ் லத்தீன்ல எழுதினப்போ, அதுவும் ஸ்னோரி காலத்தை ஒட்டித்தான், முழுசா வேற ஆளா வர்றான். ஹோதெரஸ்ங்கிற மனுஷ இளவரசன், கண்ணு நல்லாத் தெரியும், நீச்சல், வில், யாழ் எல்லாத்துலயும் கெட்டிக்காரன். நன்னா இவனோட காதலி, பால்டரஸ்ங்கிற அரைத் தெய்வம் அவ குளிக்கிறதைப் பார்த்து ஆசைப்பட்டு நடுவுல வர்றான். ரெண்டு பேருக்கும் சண்டை மேல சண்டை, கடற்போர்ல ஹோதெரஸ் தோரோட கதாயுதத்துக் கைப்பிடியையே வெட்டிடுறான், கடைசியில காட்டுல மிமிங்னு ஒருத்தன் கிட்ட இருந்து எடுத்த வாளாலதான் பால்டரஸ் காயப்பட்டுச் சாகுறான். அப்புறம் ஓடின் மகன் போயஸ் வந்து ஹோதெரஸைக் கொல்றான். சாக்ஸோ கதையைப் படிச்சா நமக்குக் கோபம் வர்றது பால்டரஸ் மேலதான். எந்த வடிவம் பழசு, எது அசல்னு அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேல அடிச்சுக்கிறாங்க, எனக்கு அந்தச் சண்டையில பெரிய ஆர்வம் இல்ல. ஒரே கொலைக்கு ரெண்டு பேரும் காரணம் தேடியிருக்காங்க, சாக்ஸோவுக்கு ஒரு பொம்பளை போதுமா இருந்துச்சு, ஸ்னோரிக்கு அது போதல.

அந்தச் செடியைப் பத்தியும் சொல்லணும். நார்ஸ்ல மிஸ்டில்டெய்ன், இங்கிலீஷ்ல மிஸ்டில்டோ, தமிழ்ல நெருக்கமான வார்த்தை புல்லுருவி. நம்ம ஊர் மாமரத்துல வர்ற புல்லுருவியும் ஐரோப்பாவுல ஆப்பிள் மரத்துல வர்ற மிஸ்டில்டோவும் வேற வேற இனம்னாலும் தாவரவியல்ல ஒரே வரிசையில வர்ற உறவு, சந்தன மரமும் அதே வரிசைதான். எங்க வீட்டுப் பின்னாடி மாமரத்துல ஒரு கிளையில மட்டும் இலை தடிப்பா வேற பச்சையா இருக்கும், ஆரஞ்சுக் கலர்ல குழாய் மாதிரிப் பூ பூக்கும், சின்ன வயசுல அதுவும் மாமரத்தோட பூதான்னு நினைச்சிருந்தேன். குருவி பழத்தைத் தின்னுட்டு ஒட்டுற விதையைக் கிளையில தேய்ச்சுட்டுப் போகும், அது அங்கயே முளைச்சு மரத்துக்குள்ள வேர் விட்டு உறிஞ்சும். மண்ணைத் தொடவே தொடாது. மண்ணுகிட்ட சத்தியம் வாங்கியாச்சு, மரத்துக்கிட்ட சத்தியம் வாங்கியாச்சு, ரெண்டுலயும் சேராம நடுவுல தொங்குற ஒண்ணுதான் தப்பிச்சுது. இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ஸ்னோரி இதை நினைச்சு எழுதினாரான்னா கஷ்டம்தான், ஏன்னா ஐஸ்லாந்துல மிஸ்டில்டோ வளரவே வளராது, நார்வேலயே ஓஸ்லோ கடலோரத்தை ஒட்டித்தான் இருக்கு. லோகி அதைத் தரையில இருந்து செடியைப் பிடுங்குற மாதிரிப் பிடுங்கினான்னுதான் எழுதியிருக்கார். அதுமட்டும் இல்ல, சாகான்னு சொல்ற பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகள்ல மிஸ்டில்டெய்ன்னு ஒரு வாளுக்கும் பேர் உண்டு, சாக்ஸோ கதையில கொன்னதும் வாள்தான், அதனால முதல்ல வாளா இருந்தது பின்னாடி செடியா மாறிடுச்சோன்னு கேட்கிறவங்களும் இருக்காங்க.

நம்ம ஆளுங்களுக்கு இதைப் படிக்கும்போது திருதராஷ்டிரன் ஞாபகம் வராம இருக்காது. அதைப் பெரிய ஆய்வாவே பண்ணவர் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் துமெசில். பால்டர் கதையும் மகாபாரதமும் ஒரே பழைய இந்தோ ஐரோப்பியக் கதையோட ரெண்டு கிளைங்கன்னு சொன்னார். கெட்ட யோசனைக்காரன் துரியோதனன் லோகி இடத்துல, பார்வையில்லாத திருதராஷ்டிரன் ஹோதர் இடத்துல, ஆபத்தில்லாத விளையாட்டு மாதிரித் தொடங்கி நாசத்துல முடியுற சூதாட்டம் அந்த எறியுற விளையாட்டு இடத்துல, கடைசியில பெரும்போர், அதுக்கப்புறம் பார்வையில்லாதவரும் தருமரும் சமாதானமா ஒண்ணா இருக்கிறது. படிக்கும்போது சிலிர்க்கும், ஆனா எனக்கு முழுசா ஒத்துக்க மனசு வரல. திருதராஷ்டிரனுக்கு எல்லாம் தெரியும், விதுரர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிட்டே இருந்தார், தெரிஞ்சும் பிள்ளைப் பாசத்துல விட்டுக் கொடுத்தார். ஹோதருக்கு ஒரு விதுரர் இல்ல.

எனக்கு அதைவிடப் பொருத்தமாத் தெரியுறது போருக்கப்புறம் வர்ற இடம். நூறு பிள்ளைங்களையும் பறிகொடுத்த திருதராஷ்டிரன் பீமனைக் கட்டிப்பிடிக்கக் கூப்பிடுறார், கிருஷ்ணர் பீமனைத் தள்ளிட்டு இரும்புப் பதுமையை முன்னாடி நிறுத்துறார், கிழவர் அதை நெஞ்சோட இறுக்கி நொறுக்கிடுறார், அப்புறம் ஐயோ பீமனைக் கொன்னுட்டேனேன்னு அழறார். இங்கயும் பார்வையில்லாத பலசாலி, இங்கயும் பக்கத்துல ஒருத்தர் கைக்குள்ள ஒரு பொருளைக் கொடுக்கிறார். கிருஷ்ணர் கொடுத்தது ஒரு உயிரைக் காப்பாத்துது, லோகி கொடுத்தது ஒரு உயிரை எடுக்குது, ரெண்டு இடத்துலயும் கைக்குத் தெரியல.

அந்தக் காலத்து ஐஸ்லாந்துல பார்வையில்லாத மனுஷங்களை எப்படிப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சுக்க வோலுஸ்பா இருக்கிற அதே தோல் புத்தகத்துல இன்னொரு பாட்டு இருக்கு, ஹாவமால். கோடெக்ஸ் ரீஜியஸ்னு பேரு அந்தப் புத்தகத்துக்கு, 1270களை ஒட்டி எழுதினது, 45 தாள்தான் மிச்சம், முந்நூறு வருஷம் கோபன்ஹேகன்ல இருந்துட்டு 1971ல கப்பல்ல ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்துச்சு. அதுல ஒரு பாட்டு சொல்லுது: நொண்டி குதிரை ஓட்டலாம், கையில்லாதவன் மந்தை மேய்க்கலாம், செவிடன் சண்டையில உதவுவான், சிதையில எரியுறதை விடக் குருடா இருக்கிறது மேல், பிணத்தால யாருக்கு என்ன பிரயோஜனம். எவ்வளவு நடைமுறையான பேச்சு, இரக்கப்பட்டு ஒதுக்கி வைக்காம வேலை கொடுக்கிற பேச்சு. அதே புத்தகத்துல முன்னாடி வர்ற வோலுஸ்பாலதான் ஹோதரைச் சிதையில ஏத்துறாங்க. குருடா இருக்கிறதும் சிதையில எரியுறதும், ரெண்டுமே கிடைச்சது அவனுக்கு.

நியால் சாகால அமுண்டின்னு ஒருத்தன் வர்றான், பிறவியிலயே பார்வை இல்ல. அவன் அப்பாவைக் கொன்னவங்கள்ல லைட்டிங்னு ஒருத்தன், சபைக்கு வந்திருக்கான். அமுண்டி அவன் கூடாரத்துக்குப் போய் என் அப்பாவுக்கு எனக்கு ஈடு கொடுன்னு கேட்கிறான், முடியாதுன்னுடுறான். எனக்குக் கண்ணு இருந்தா ஈடோ பழியோ வாங்கியிருப்பேன், கடவுள் தீர்த்து வைக்கட்டும்னு சொல்லிட்டு வெளிய வர்றான், வாசலுக்கு வந்து உள்பக்கம் திரும்பினா சட்டுனு கண்ணு தெரியுது. நேரா உள்ள ஓடி லைட்டிங் தலையில கோடாலியை இறக்குறான், திரும்ப அதே வாசலுக்கு வர்றான், வந்ததும் கண்ணு மூடிக்குது, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் பார்வை இல்ல. கிறிஸ்தவம் வந்தப்புறம் நடக்கிற மாதிரிச் சொல்ற சம்பவம் இது. ஹோதரையும் அமுண்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா அந்தச் சமூகத்துக்குள்ள இருந்த பயம் வெளிய தெரியும். கொல்றவன் யாரைக் கொல்றோம்னு பார்த்துக் கொல்லணும், பார்க்காத கை கொன்னா அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியல. அமுண்டிக்குக் கடவுள் ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்துவிட்டாவது அந்தச் சிக்கலைத் தீர்த்தார்.

ஸ்னோரி சாவையும் சொல்லாம இதை முடிக்க முடியல. 1241 செப்டம்பர், ரெய்க்ஹோல்ட்ல அவர் வீடு. நார்வே ராஜா ஹாகோனோட உத்தரவை வெச்சுக்கிட்டு ராத்திரியில ஆளுங்களோட வந்தது கிஸ்ஸுர், முன்னாடி ஸ்னோரியோட மருமகனா இருந்தவர். கிழவர் நிலவறையில ஒளிஞ்சிருந்தார், அஞ்சு பேர் இறங்கினாங்க. வெட்டக் கூடாதுன்னு அவர் சொன்னார், வெட்டுன்னு ஒருத்தன் சொன்னான், வெட்டக் கூடாதுன்னு திரும்பச் சொன்னார், அர்னிங்கிறவன் வெட்டினான். கை அர்னியோடது, நிலவறைக்கு வெளிய யோசனை இருந்துச்சு, கடலுக்கு அந்தப் பக்கம் உத்தரவு இருந்துச்சு. ஹோதர் கதையை எழுதி இருபது வருஷம் கழிச்சு அவர் சாவே அந்த ரெண்டு சட்ட வார்த்தைக்கு நடுவுல போய் விழுந்துச்சு.

ஆனா ஹோதருக்கு அவர் வெச்ச முடிவு சிதை இல்ல. எல்லாம் எரிஞ்சு கடல்ல மூழ்கினப்புறம் பூமி திரும்பப் பச்சையா மேல வருது, விதைக்காத வயல் விளையுது, பால்டரும் ஹோதரும் ஓடினோட வெற்றி மண்டபத்துல சேர்ந்து குடியிருப்பாங்கன்னு வோலுஸ்பாவே சொல்லுது. ஸ்னோரி இன்னும் கிட்டப் போய் எழுதுறார். தேவர்களோட ஊரான அஸ்கார்ட் இருந்த அந்த மைதானத்துல ஓடினோட பசங்க விதாரும் வாலியும் இருக்காங்க, தோரோட பசங்க மோதியும் மாக்னியும் வர்றாங்க, அப்புறம் பாதாளத்துல இருந்து பால்டரும் ஹோதரும் வர்றாங்க. வாலியும் அங்கதான் இருக்கான், கவனிச்சீங்களா, கையைக் கழுவாம வந்து ஹோதரைக் கொன்ன அதே வாலி. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பழசையெல்லாம் பேசுறாங்க, பெரிய பாம்பைப் பத்தி, ஓநாயைப் பத்தி. யாரும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதா எழுதல. ஹோதருக்குப் பார்வை வந்ததாவும் எழுதல. புல்லுக்குள்ள அந்தக் காலத்துல தேவர்கள் விளையாடின தங்கக் காய்ங்க கிடைக்குதுன்னு மட்டும் இருக்கு. இந்தத் தடவை ஹோதர் வட்டத்துக்கு உள்ள உட்கார்ந்திருக்கான், தடவிப் பழகின கை, ஈரப் புல்லுக்குள்ள ஒரு காயை முதல்ல கண்டுபிடிச்சு பால்டர் பக்கம் நீட்டுற மாதிரித்தான் நான் அந்த இடத்தை எப்பவும் படிப்பேன்.